கணக்கியற் கலாநிதிப் படிப்பும் யான் எழுதாத கடிதமும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, பழைய மாணவர் பலரும் எழுதுவது போல விடுதி வாழ்வையும், மைதானத்து வேப்பமரத்தையும், பிரம்போடு நின்ற ஆசிரியப் பெருந்தகைகளையும் பற்றி எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். அவற்றை என்னிலும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். ஆதலின் யான் தொழிலாகக் கொண்ட துறையொன்றைப் பற்றியும், அத்துறையில் நம் கல்லூரி மாணவர் ஒருவருக்கு யான் இழைத்த தவறொன்றைப் பற்றியும் எழுதத் துணிந்தேன். கணக்கியலிற் கலாநிதிப் பட்டம் பெற விரும்பும் இளைஞர் இம்மலரைப் படிப்போருள் இருவரோ மூவரோதான் இருத்தல் கூடும். அவர்களுக்காகவே இக்கட்டுரை. ஏனையோர் பொறுத்தருள்க.

எழுபதுகளின் நடுப்பகுதியில் யான் வர்த்தக வகுப்பிற் பயின்றபோது, கணக்கியலென்றால் பேரேடு, பரீட்சை மீதி, ஐந்தொகை என்னும் மூன்றுமே எமக்குத் தெரியும். "ஐந்தொகையின் இரு பக்கமும் பொருந்தும் வரைக்கும் சோற்றுக்கு எழும்பாதே" என்று எம் ஆசிரியர் சொல்லுவார். அவர் சொல்லைத் தட்டாமல் பசியோடிருந்து பொருத்திய நாட்கள் பல. மாலையில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குச் சென்று வாசிப்பது என் வழக்கம். பின்னர் பல்கலைக்கழக மாணவனாய் விடுமுறைக்கு வந்திருந்த காலத்தில், 1981 ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில், அந்நூலகம் எரியுண்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். யான் இங்கே சொல்ல வேண்டியது ஒன்றே. வெளியுலகில் என்ன படிப்பு உண்டு, அதற்கு வழி எது என்று ஓர் இளைஞன் யாரையும் கேளாமல் தானே சென்று பார்க்கக்கூடிய இடம் எமக்கு அது ஒன்றே இருந்தது.

பட்டம் பெற்ற பின் கொழும்பிற் கணக்காய்வு நிறுவனமொன்றிற் சேர்ந்து பட்டயக் கணக்காளர் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி வந்தேன. கலாநிதிப் பட்டமென்பது அப்பரீட்சைகளின் மேலே உள்ள இன்னொரு படி என்றும், அதற்கு ஏறப் பெரும் பணம் வேண்டுமென்றும் நம்பியிருந்தேன். இரண்டும் பிழை. 1985 ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்த அமெரிக்க நூலகத்திற் பல்கலைக்கழகங்களின் கைநூலொன்றைப் புரட்டியபோது, அந்நாட்டிற் கணக்கியற் கலாநிதி மாணவரிடம் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை என்பதையும், மாதந்தோறும் உதவிப்பணம் கொடுக்கிறார்கள் என்பதையும் கண்டேன். அந்தப் பக்கத்தை மூன்று முறை வாசித்தேன். பின்னர் நூலகப் பணியாளரிடம் காட்டி, இச்சொல்லுக்கு இதுதானா பொருளென்று கேட்டேன். அவர் ஆமென்றார். இரண்டு ஆண்டுகள் விமானத் தபாலில் விண்ணப்பங்கள் போய் வந்தன. 1987 இல் யான் புறப்பட்டேன்.

சென்ற முதல் வாரத்திலே என் கர்வம் அடங்கிற்று. வரவு எது, செலவு எது என்று அங்கு ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நுண்பொருளியல், புள்ளிவிபரவியல், பொருளாதார அளவையியல் என்பனவே முதலிரண்டு ஆண்டுகளின் பாடங்கள். கருத்தரங்க வகுப்பில் முதன்முதல் வாசிக்கத் தந்த கட்டுரை, றே போல், பிலிப் பிறவுண் என்னும் அவுஸ்திரேலியர் இருவர் 1968 இல் எழுதியது. ஆண்டிறுதியில் ஒரு கம்பனி தன் இலாபம் இவ்வளவென்று அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பில் மக்களுக்குப் பயன்படும் செய்தி ஏதும் உண்டோ? இதுவே அவர்கள் கேட்ட கேள்வி. இலாபத்தைக் கணக்கிடும் விதிகளோ ஒன்றோடொன்று பொருந்தாதவை. ஆதலால் அதில் வரும் தொகைக்குப் பொருளேயில்லை என்று அக்காலத்துக் கணக்கியல் அறிஞர் பலர் வாதாடினர். இவ்விருவரும் வாதாடாமல், 261 கம்பனிகளின் இலாபத்தையும் அவற்றின் பங்கு விலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். இலாபம் எதிர்பார்ப்புக்கு மேற்பட்ட கம்பனிகளின் பங்கு விலை ஏறியிருந்தது. குறைந்தவற்றின் விலை இறங்கியிருந்தது. அவ்வேற்றத்திலும் இறக்கத்திலும் பெரும்பகுதி அறிவிப்பு வருமுன்னரே நிகழ்ந்து முடிந்திருந்தது. துறையின் மூத்த சஞ்சிகையொன்று இக்கட்டுரையை, இது கணக்கியல் அன்று என்று கூறித் திருப்பியனுப்பியதாம். பின்னர் சிக்காகோவிலிருந்து வரும் சஞ்சிகையில் அது வெளிவந்தது. கணக்கியல் ஆராய்ச்சியின் போக்கை மாற்றிய கட்டுரைகளுள் முதலாவதாக இன்று அது எண்ணப்படுகின்றது. கணக்கு வைத்தல் வேறு, கணக்கினால் மனிதர் என்ன செய்கின்றனர் என்று ஆராய்தல் வேறு என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

அக்காலத்தில் ஆராய்ச்சிக்கு வேண்டிய பொருள்கள் எவ்வாறு கிடைத்தன என்பதை இன்றைய மாணவர் அறிதல் நன்று. பங்கு விலைகளும் கம்பனிக் கணக்குகளும் காந்த நாடாக்களில் வந்தன. கணனி நிலையத்தில் மாலையில் வேண்டுகோளைக் கொடுத்தால், காலையில் விடை கிடைக்கும். அல்லது ஓர் எழுத்துப் பிழையால் வெற்றுத்தாள் கிடைக்கும். கம்பனிகளின் ஆண்டறிக்கைகளை நுண்படச் சுருளிலே கண் நோக வாசித்தோம். இவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. பிரசுரமாகாத புதிய ஆய்வுக் கட்டுரைகள் தட்டச்சுப் படிகளாகப் பேராசிரியரிடமிருந்து பேராசிரியருக்குத் தபாலிற் செல்லும். அவ்வட்டத்துள் இருப்பவர் எதையும் இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே அறிவர். வெளியில் நிற்பவருக்கு அது சஞ்சிகையில் அச்சான பின்னரே தெரியும்.

இனி என் தவற்றைச் சொல்லுகிறேன். 1997 ஆம் ஆண்டில் நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் வவுனியாவிலிருந்து எனக்குக் கடிதம் எழுதினார். பல்கலைக்கழகத்தில் வர்த்தகம் பயின்றவர். முதல் வகுப்பிற் சித்தியெய்தியவர். கணக்கியலிற் கலாநிதிப் பட்டம் பெற விருப்பம், வழி காட்டுக என்று நான்கு பக்கம் அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தார். அப்பொழுது என் நிரந்தர நியமனம் தீர்மானிக்கப்படும் ஆண்டு. பிரசுரம், பிரசுரம் என்று அலைந்துகொண்டிருந்தேன். "முதலிற் பட்டயக் கணக்காளர் பரீட்சையை முடியும், பின் யோசிக்கலாம்" என்று அரைப்பக்கத்தில் மறுமொழி எழுதி அனுப்பினேன். என்னை நான்கு ஆண்டுகள் கட்டிப்போட்ட அதே பிழையான எண்ணத்தை, பிழையென்று நன்றாக அறிந்த யானே, அவர் தலையிலும் ஏற்றினேன். கட்டணம் இல்லை என்பதை எழுதவில்லை. உதவிப்பணம் உண்டு என்பதை எழுதவில்லை. எழுத ஒரு மணி நேரம் போதியதாயிருந்திருக்கும். அவர் மறுபடி எழுதவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்று, ஆண்டில் ஆறு மாதம் யாழ்ப்பாணத்திலே தங்கத் தொடங்கினேன். 2024 ஆம் ஆண்டு தை மாதத்தில், நம் கல்லூரியிற் பயின்று பட்டமும் பெற்று வங்கியொன்றிற் பணியாற்றும் இளைஞர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கலாநிதிப் படிப்பைப் பற்றியே கேட்க வந்தார். இம்முறை எழுந்து உள்ளே போகாமல் விறாந்தையில் அவருக்குக் கதிரை போட்டேன்.

அவர் வெறுங்கையோடு வரவில்லை. கைத்தொலைபேசியில் இணையத்திலிருந்து அறுபதுக்கு மேற்பட்ட பக்கங்களைச் சேர்த்து வைத்திருந்தார். யான் மூன்று முறை வாசித்த அந்த உதவிப்பணச் செய்தி, அவருக்குப் பல்கலைக்கழகங்களின் சொந்தப் பக்கங்களிலேயே கிடைத்திருந்தது. ஆனால் நெல்லும் பதரும் ஒன்றாய்க் கிடந்தன. பணம் கட்டினால் அனுமதி வாங்கித் தருவோம் என்போர், ஆய்வு முன்மொழிவை எழுதித் தருவோம் என்போர், கட்டுரையை ஒரு வாரத்திற் பிரசுரித்துத் தருவோமென்று பணம் கேட்கும் சஞ்சிகைகள் ஆகிய யாவும் அவற்றுள் இருந்தன. முதல் மாலை முழுவதும் பதரைக் களைவதிலே சென்றது. "பணம் கேட்பது எதுவாயினும் அழியும், தம்பி" என்றேன். அறுபது இருபதாயிற்று.

எஞ்சியவற்றுட் சிலவற்றை இங்கே சொல்லுதல் வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறையொன்று ஆண்டுக்கு இரண்டு முதல் நான்கு மாணவரையே எடுக்கும். ஆதலால் அங்குள்ள பேராசிரியர் எதை ஆராய்கின்றனர் என்று அறியாமல் விண்ணப்பிப்பது காகிதத்துக்குக் கேடு. பிறிகம் யங் பல்கலைக்கழகத்தார் கணக்கியற் துறைகளை அவற்றின் ஆராய்ச்சிப் பிரசுரங்களைக் கொண்டு வரிசைப்படுத்தி இணையத்தில் இலவசமாக வைத்துள்ளனர். மொத்த வரிசை எனக்கு அவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லை. கணக்காய்வு, நிதிக் கணக்கியல், முகாமைக் கணக்கியல், வரி என்று துறை துறையாகவும், ஆராயும் முறை முறையாகவும் பிரித்துக் காட்டுகின்றனரே, அதுவே பொன். அதன் பின் ஒவ்வொரு துறையின் பக்கத்துக்கும் சென்று, அங்கு பட்டம் பெற்றோர் எங்கே பணியில் அமர்ந்தனர் என்று பார்த்தல் வேண்டும். கருத்தரங்க வகுப்புகளின் வாசிப்புப் பட்டியலைப் பேராசிரியர் பலர் வெளிப்படையாக வைத்திருக்கின்றனர். ஒரு பட்டியலை எடுத்து அதிலுள்ள பத்துக் கட்டுரைகளை வாசித்தும் ஆர்வம் குன்றாதாயின், அதன் பின்னர் விண்ணப்பத்தைத் தொடலாம். பிரித்தானிய வழி வேறு. அங்கே முன்மொழிவும் மேற்பார்வையாளரும் முதலில் வேண்டும்; பாடங்கள் குறைவு; வெளிநாட்டார் கட்டணமோ அதிகம். ஆதலின் பொதுநலவாயப் புலமைப்பரிசில் போன்ற ஒன்று கையில் இல்லாமல் அவ்வழி செல்லல் அரிது.

முன்னே சொன்ன தட்டச்சுப் படிகளின் வட்டம் 1994 இல் உடையத் தொடங்கிற்று. எஸ்.எஸ்.ஆர்.என். என்னும் இணையக் களஞ்சியம் அவ்வாண்டில் எழுந்தது. 2016 இல் எல்செவியர் என்னும் பெரும் பதிப்பகத்தார் அதனை வாங்கினர். எனினும் அங்குள்ள கட்டுரைகளைப் பெறக் கட்டணமில்லை. நேற்று ஒருவர் எழுதியதை இன்று சாவகச்சேரியிலிருந்து வாசிக்கலாம். நுண்படச் சுருளுக்குப் பதிலாக எட்கார் வந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழுவுக்குக் கம்பனிகள் சமர்ப்பிக்கும் அறிக்கைகள் யாவும் 1996 முதல் அதில் யாவர்க்கும் திறந்து கிடக்கின்றன. கொழும்புப் பங்குச் சந்தையிலுள்ள, முந்நூறுக்குச் சற்றே குறைந்த கம்பனிகளின் ஆண்டறிக்கைகளும் அச்சந்தையின் பக்கத்தில் உள. கணிப்புக்கு ஆர் என்னும் மென்பொருள் இலவசம். மெல்பேணிலுள்ள இயன் கோ என்பவர் மற்றொருவருடன் சேர்ந்து, கணக்கியல் ஆராய்ச்சி முறைகளைப் படிப்படியாகக் கற்பிக்கும் நூலொன்றை எழுதி, முழுவதையும் இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றார். என்னைத் திகைக்க வைத்த அந்த 1968 ஆம் ஆண்டுக் கட்டுரையை மாணவர் தாமே மறுபடி செய்து பார்க்கும் பாடமும் அதில் உண்டு. அதை அந்த இளைஞர் திறந்து காட்டியபோது எனக்குச் சிறிது பொறாமையே உண்டாயிற்று.

பூட்டிய கதவுகளும் உண்டு. பங்கு விலைகளை 1926 முதல் தொகுத்து வைத்துள்ள கிறிஸ்ப், கம்பனிக் கணக்குகளைத் தொகுத்துள்ள கொம்பியூஸ்டாட், இவை போல்வனவற்றை ஒருங்கே வழங்கும் வோர்ட்டன் தரவுச் சேவை ஆகியவற்றிற் பல்கலைக்கழகச் சந்தாவின்றி நுழைதல் இயலாது. மேற்சொன்ன நூல் திறந்திருந்தாலும் அதன் பயிற்சிகள் பலவற்றுக்கு வேண்டிய தரவு இக்கதவுகளுக்குப் பின்னேதான் இருக்கின்றது. "சமையற் புத்தகம் தந்திருக்கிறார்கள் ஐயா, அரிசி தரவில்லை" என்றார் அவர். சேர்ந்த பின் பல்கலைக்கழகமே அரிசி தரும் என்று ஆறுதல் கூறினேன்.

மூன்றாம் மாலை, எதை ஆராய விருப்பம் என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கிச் சொன்னார். அவர் தந்தையார் வலிகாமத்திற் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றின் முகாமையாளராயிருந்தவர். 1995 ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் ஊரெல்லாம் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அவர் சைக்கிளின் பின்புறத்தில் வீட்டுப் பொருள்களைக் கட்டாமல், சங்கத்தின் பேரேடுகள் மூன்றைப் பொலித்தீனிற் சுற்றிக் கட்டிக்கொண்டு போனார். கடையில்லை, பண்டமில்லை, கணக்காய்வுக்கு வருவாருமில்லை. எனினும் ஒரு பள்ளிக்கூட விறாந்தையிலிருந்து கணக்கெழுதினார். கடன்பட்ட அங்கத்தவர் ஒவ்வொருவரின் பெயருக்கெதிரே, அவர் எந்த முகாமில் இருக்கின்றார் என்றும் குறித்தார். "ஏன் எழுதினார் என்பதே என் கேள்வி, ஐயா. அப்பாவைக் கேட்டால், எழுதாமல் வேறென்ன செய்வது என்கிறார்."

யான் சொன்ன மறுமொழியை எழுதவே கூசுகிறது. "தம்பி, இது சரித்திரம், கணக்கியல் அன்று" என்றேன்.

அவர் வாதாடவில்லை. கைத்தொலைபேசியைத் தடவி ஒரு கட்டுரையை எடுத்து என் முன் வைத்தார். இலங்கையரான சந்தன அலவத்தகே, தந்துரே விக்கிரமசிங்க என்னும் இருவர் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களிலிருந்து எழுதியது. 2009 இல் வெளிவந்தது. நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிற் கணக்கு எவ்வாறு தொழிலாளரை ஆண்டது என்பதையும், அத்தொழிலாளர் அதற்கு எவ்வாறு தம் வழியில் ஈடுகொடுத்தனர் என்பதையும் அது ஆராய்கின்றது. 1976 இல் அன்ரனி ஹொப்வுட் தொடங்கிய சஞ்சிகையின் வழியே இத்தகைய ஆராய்ச்சி ஒரு பெரும் கிளையாய் வளர்ந்திருப்பதை யான் அறியாதவனல்லன். அறிந்தும், பங்கு விலை ஆராயும் எம் பக்கத்தார் பலரைப் போல, அதை வாசியாமலே முப்பது ஆண்டுகள் கழித்தேன். போலையும் பிறவுணையும் திருப்பியனுப்பியவர் சொன்ன சொல்லையே யானும் சொல்லிவிட்டேன் என்பது அன்றிரவு படுக்கையிலே உறைத்தது. மறுநாட் காலை யானே அவர் வீட்டுக்குச் சென்றேன். போகும்போது, கூட்டுறவு பற்றிய பழைய நூல்களையும் மலர்களையும் தேட, 2005 இல் தொடங்கிய நம் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தைப் பார்க்குமாறு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். அதையும் அவர் முன்னமே பார்த்திருந்தார்.

ஒரு கேள்விக்கு மாத்திரம் இணையத்தில் அவருக்கு விடை கிடைக்கவில்லை. "மாதம் வீட்டுக்கு ஏதும் அனுப்பலாமா, ஐயா?" வங்கியில் நிரந்தர உத்தியோகம், மணமாகாத தங்கை ஒருத்தி, தந்தையாருக்கு ஓய்வூதியம் இல்லை. அதை விட்டு ஐந்தாண்டு படிக்கப் போவதென்றால் எளிதன்று. மறைக்காமற் சொன்னேன். உதவிப்பணம் ஒருவர் சிக்கனமாய் வாழப் போதும். மாணவ விசாவில் வெளியே வேலை செய்ய இடமில்லை. யான் முதலாண்டில் அம்மாவுக்கு ஒரேயொரு முறைதான் பணம் அனுப்பினேன். இரண்டாமாண்டில் தகுதிகாண் பரீட்சைக்குப் பயந்து, கடிதங்கூட ஒழுங்காய் எழுதவில்லை. பட்டம் பெற்றுப் பணியில் அமர்ந்தால் நிலை வேறு. ஆனால் எல்லோரும் முடிப்பதில்லை. அவர் கேட்டுக்கொண்டு மௌனமாயிருந்தார். உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்த தங்கை, "அண்ணை போகட்டும், ஐயா, நான் உழைக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவ்வாண்டு மார்கழியில் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்தார். மூன்று அமெரிக்காவில், இரண்டு பிரித்தானியாவில். இதை எழுதும்போது இரண்டு மறுப்புகள் வந்துள்ளன. ஓரிடத்திலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்துள்ளது. மற்றவற்றிலிருந்து ஒன்றும் வரவில்லை. வவுனியாவிலிருந்து எழுதியவரையும் பழைய மாணவர் சங்கத்தின் மூலம் தேடிப் பிடித்தேன். ரொறன்ரோவிற் கணக்காளராயிருக்கின்றார். இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் எழுதியிருக்க வேண்டியதை நான்கு பக்கமாக எழுதி, மன்னிப்பும் கேட்டேன். அவர் மறுமொழி அரைப்பக்கந்தான். பட்டயப் பரீட்சை முடித்ததையும், மகள் பல்கலைக்கழகத்திற் கணக்கியல் பயில்வதையும் சொல்லி, என் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தார்.

பேரேடுகளைப் பார்க்கச் சென்ற வாரம் அந்த இளைஞரின் வீட்டுக்குப் போனேன். தந்தையார் அவற்றை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பென்சிலோடு இருந்தார். ஓரங்களில் மழைநீர்க் கறை. எழுத்து மாத்திரம் தெளிவு. தொட்டுப் பார்க்க யான் கையை நீட்டியதும் மெல்லத் தடுத்தார். 1995 கார்த்திகைப் பரீட்சை மீதியில் முப்பத்தேழு ரூபா ஐம்பது சதம் வித்தியாசம் இருக்கின்றதாம். அதைக் கண்டுபிடித்த பிறகே வெளியாருக்குக் காட்டுவாராம்.